ஒரு படி என்பது எவ்வளவு?

காயல்பட்டினத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவர் ஒருவர், பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த பித்தளைப் படி ஒன்றை ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்தார். வாய் சற்று நசுங்கியிருந்தது. பக்கவாட்டில் ஏதோ ஒரு முத்திரை. தேய்ந்து போய் எழுத்துப் புரியவில்லை. நீர் ஊற்றி அளந்து பார்த்தோம். ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொண்டது. மாணவர் என்னைக் கேட்டார்: "சார், இது சரியான படியா?"

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் வேறொரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். "சரியான" படி எது? அதை யார் முடிவு செய்தார்கள்? இயற்பியல் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. வரலாற்றில்தான் தேட வேண்டும். அந்த வரலாறு காயல்பட்டினத்துக் கடைத்தெருவில் தொடங்கி, அமெரிக்காவைத் தொட்டு, நமது அரசியல் சட்டத்தில் வந்து முடிகிறது. வாருங்கள், காண்போம்.

முத்துக்கு ஒரு தராசு, உப்புக்கு ஒரு தராசு

தாமிரபரணி கடலில் கலக்கும் இப்பகுதி மிகப் பழைய வணிகத்துறை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இக்கரையில்தான் இருந்தது. இன்றைய பழையகாயலே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. முத்தும் குதிரையும் கைமாறிய கரை இது. காயல்பட்டினத்து வணிகர்கள் பிற்காலத்திலும் முத்து, மாணிக்க வணிகத்தில் பெயர் பெற்றிருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கம் வரை நடந்தது.

முத்தை எப்படி அளந்தார்கள் என்பது சுவையான செய்தி. முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். மொத்தம் பத்துச் சல்லடைகள். ஒன்றில் 20 துளைகள், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. சல்லடைகளின் அளவு ஒன்றே. ஆதலால் துளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறியதாகும். எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அந்த எண்ணே அதன் தரம். பிறகு மஞ்சாடி எடையில் நிறுப்பார்கள். ஒரு மஞ்சாடி என்பது ஏறத்தாழ கால் கிராம்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முத்தின் விலை அதன் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை; எடையின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். இரண்டு மஞ்சாடி முத்தின் விலை, ஒரு மஞ்சாடி முத்தைப் போல் நான்கு மடங்கு. அப்படியானால் நிறுப்பதில் நூற்றுக்குப் பத்துப் பிழை நேர்ந்தால் விலையில் எவ்வளவு பிழை வரும்? 1.1-இன் வர்க்கம் 1.21. நூற்றுக்கு இருபத்தொன்று! எனவேதான் முத்து வணிகர் தம் தராசையும் எடைக்கற்களையும் கண்ணைப் போல் காத்தார். துல்லியம் அவருடைய முதல். அதைப் பேண அவருக்கு வசதியும் இருந்தது.

அதே ஊரின் மறுபக்கம், ஆறுமுகநேரியை ஒட்டி உப்பளங்கள். சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. உப்பின் மீது வரி மணங்குக் கணக்கில் விதிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டில் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தி, மறு ஆண்டே ஒன்றேகால் ரூபாய்க்குக் குறைத்தார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, எந்த மணங்கு என்பது. வரிக்குரிய மணங்கு 82 2/7 பவுண்டு. அதாவது சுமார் 37 கிலோகிராம். நம் கடைத்தெருவின் மணங்கோ 25 பவுண்டு. 11 கிலோகிராமுக்குச் சற்று மேல். பெயர் ஒன்று, எடையோ மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு. வரி வாங்கும் இடத்தில் அரசு ஒரே மணங்கைக் கல்கத்தா முதல் காயல் வரை உறுதியாக நிறுத்தியது. வரி வாங்காத இடத்தில் ஊருக்கு ஓர் அளவு இருந்தால் அதற்கென்ன என்று விட்டுவிட்டது.

மூன்றாவது தராசு மளிகைக் கடையில் தொங்கியது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்பது சென்னை வாய்ப்பாடு. தானியத்துக்குப் படியும் மரக்காலும். நெல்லைச் சீமையில் 21 மரக்கால் ஒரு கோட்டை. ஆனால் இந்த மரக்கால் ஊருக்கு ஊர் ஒன்றாக இல்லை. முத்து வணிகருக்குத் துல்லியம் கிடைத்தது. அரசுக்குத் துல்லியம் கிடைத்தது. அன்றாடக் கூலியைக் கொண்டு ஒரு படி அரிசி வாங்கியவருக்குத்தான் கிடைக்கவில்லை.

குவித்த படியின் கணக்கு

வாசகர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். அரிசியைத் தரையில் மெல்லக் கொட்டுங்கள். அது கூம்பாக நிற்கும். அதன் பக்கங்கள் தரையோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும். படியைக் குவித்து அளக்கும்போதும் அதன் வாய்மேல் இதே கூம்புதான் எழுகிறது.

இப்போது உருளை வடிவான இரண்டு படிகளை எடுத்துக்கொள்வோம். முதல் படியின் விட்டம் 12 செ.மீ., உயரம் 14 செ.மீ. இரண்டாம் படியின் விட்டம் 16 செ.மீ., உயரம் சுமார் 7.9 செ.மீ. கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டின் கொள்ளளவும் ஒன்றே, சுமார் 1.58 லிட்டர். நீர் ஊற்றி அளந்தால் எந்த அதிகாரியும் இரண்டையும் சரி என்றே சொல்வார். தலை வழித்து அளந்தாலும் ஒரே அளவு அரிசிதான்.

குவித்து அளந்தால்? குறுகிய படியின் மேல் நிற்கும் கூம்பு, படியின் கொள்ளளவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு. அகன்ற படியின் மேல் நிற்கும் கூம்போ நூற்றுக்கு இருபது பங்கு! வாங்கும்போது அகன்ற படியையும் கொடுக்கும்போது குறுகிய படியையும் எடுத்தால், சட்டப்படி எந்தப் பொய்யும் சொல்லாமலே ஒருவர் பத்துப் படிக்கு ஒரு படிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். நெல்லைக் கூலியாகப் பெற்றவருக்கும் வாரமாக அளந்தவருக்கும் இது வயிற்றோடு சம்பந்தப்பட்ட கணக்கு. ஆகவே படிக்கு இலக்கணம் சொல்லும் சட்டம் அதன் கொள்ளளவை மட்டும் சொன்னால் போதாது. வடிவத்தையும், குவிப்பதா வழிப்பதா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் 'ஆடவல்லான்' என்ற பெயரில் எடைக்கல்லும் மரக்காலும் இருந்தன. அந்த மரக்கால் 'இராசகேசரி' என்ற மரக்காலுக்கு ஒப்பானது என்று கல்வெட்டிலேயே குறித்தார்கள். ஓர் அளவை மற்றொரு மூல அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது இன்றைய ஆய்வுக்கூடங்கள் பின்பற்றும் முறையே ஆகும். ஆனால் கோயிலின் மரக்கால் கோயில் கணக்குக்கு. நாடு முழுவதற்கும் ஒரு மரக்கால் என்ற நிலை வரவில்லை.

ஏட்டில் நின்ற சட்டங்கள்

ஆங்கில ஆட்சி முயலவில்லையா? முயன்றது. 1833-இல் வங்காளத்தில் ரூபாய் நாணயத்தின் எடையான 180 கிரெயின் ஒரு தோலா என நிலைநாட்டப்பட்டது. 1871-இல் இன்னும் துணிந்து, ஒரு 'சேர்' என்பது ஒரு கிலோகிராமுக்குச் சமம் என்றே சட்டம் இயற்றினார்கள். இந்தியாவுக்கு மெட்ரிக் முறை அன்றே வந்திருக்க வேண்டும். ஆனால் அச்சட்டம் நடைமுறைப்படுத்தப்படவே இல்லை. 1913-இல் சில்பெராட் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தோலா முறையையே நாடெங்கும் பரப்பலாம் என்றது அதன் பெரும்பான்மை. அதுவும் உடனே பலன் தரவில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் எடைகளின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அதன்படி 1939-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 1942-இல் அமலுக்கு வந்தது. ஆனால் அது எடைக்கு மட்டும். படியும் மரக்காலும் பழையபடியே நின்றன.

அமெரிக்கா கற்ற பாடம்

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் அதுவும் பல மாநிலங்கள் கூடிய ஒரு கூட்டாட்சி நாடு.

எடை, அளவுகளின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் 1787-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே அந்நாட்டுக் காங்கிரசுக்கு இருந்தது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதைச் சரிவரப் பயன்படுத்தவில்லை. 1836-இல் மாநிலங்களுக்கு மாதிரி எடைகளை அனுப்பி வைத்ததோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. மின்சாரத் தொழில் வளர்ந்தபோது சிக்கல் முற்றியது. நுட்பமான கருவிகளைச் சரிபார்க்கப் பெர்லினுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் 1901 மார்ச்சில் மத்திய அரசு தேசியத் தர நிர்ணய நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. சாமுவேல் ஸ்ட்ராட்டன் என்ற இயற்பியல் பேராசிரியர் அதன் முதல் இயக்குநரானார்.

1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன் முதலிய வெளியூர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. வந்தவர்களின் குழாய்கள் பால்டிமோரின் நீர்க்குழாய்களில் பொருந்தவில்லை! ஊருக்கு ஊர் திருகின் அளவு வேறு. ஆட்கள் இருந்தார்கள், நீர் இருந்தது, இணைக்க வழியில்லை. ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் எரிந்து போயின. பின்னர் புதிய நிலையம் ஆராய்ந்தபோது நாட்டில் 600-க்கும் மேற்பட்ட விதமான இணைப்புகள் இருப்பது தெரியவந்தது.

அடுத்து அதன் பார்வை கடைத்தெருவின் பக்கம் திரும்பியது. 1909 முதல் 1911 வரை நிலையத்தின் ஆட்கள் மாநிலம் மாநிலமாகச் சென்று கடைகளின் தராசுகளையும் படிகளையும் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி தவறானவை. தவறு பெரும்பாலும் விற்பவருக்குச் சாதகமாகவே இருந்தது. தற்செயலான பிழையாக இருந்தால் இரு பக்கமும் சமமாகச் சிதறியிருக்க வேண்டும் அல்லவா? ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குக் காரணம் ஒன்று உண்டு என்பது ஆய்வுக்கூட மாணவர்களும் அறிந்ததே.

அந்த ஆண்டுகளில் அமெரிக்க மத்திய அரசின் கை பல துறைகளில் நீண்டது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில், 1906-இல், இரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும், தூய உணவு, மருந்துச் சட்டமும் வந்தன. 1913-இல் பொட்டலத்தின் மேல் நிகர அளவை அச்சிட வேண்டும் என்ற திருத்தம் வந்தது. இன்று நீங்கள் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தில் காணும் 'நிகர எடை' என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு. மாநிலங்களின் உரிமையில் மத்திய அரசு தலையிடுகிறது என்ற எதிர்ப்பும் அன்று எழாமல் இல்லை.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்டனின் நிலையத்துக்கு எந்தக் கடைக்காரரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. தராசு தவறு என்று காட்டத்தான் முடியும். தண்டிப்பது மாநிலங்களின், நகரங்களின் வேலை. 1905 முதல் நிலையம் மாநில அதிகாரிகளை ஆண்டுதோறும் கூட்டி மாதிரிச் சட்டங்களை முன்வைத்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றன. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தெரிந்ததே. மெட்ரிக் முறைக்கு மாறுவதை அமெரிக்கா விருப்பத்துக்கு விட்டது. இன்றும் அங்கே கடைத்தெருவில் பவுண்டுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பவுண்டுக்கே 1893 முதல் கிலோகிராமைக் கொண்டுதான் இலக்கணம் சொல்கிறார்கள்.

சுதந்தர இந்தியாவின் வழி

நமது அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். எடை, அளவுகளின் தரத்தை நிறுவுவது மத்தியப் பட்டியலில் 50ஆவது இனம். தரத்தை நிறுவுவது நீங்கலான மற்ற எடை, அளவு வேலைகள் மாநிலப் பட்டியலில் 29ஆவது இனம். கிலோகிராம் எது என்று டெல்லி சொல்லும். காயல்பட்டினத்துக் கடையில் உள்ள கல் கிலோகிராம்தானா என்று சென்னை பார்க்கும்.

தரத்தைக் காப்பதற்கென்று தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் டெல்லியில் 1950-இல் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. எஸ். கிருஷ்ணன். இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட அதே கிருஷ்ணன்தான். அவர் 1898-இல் பிறந்த வத்திராயிருப்பு அன்று நமது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பிரான்சில் உள்ள மூலக் கிலோகிராமின் 57ஆம் எண் படி இந்தியாவுக்குரியதாக அந்த ஆய்வுக்கூடத்தில் வைக்கப்பட்டது.

1956 டிசம்பரில் எடை, அளவுத் தரச் சட்டம் நிறைவேறியது. அதற்குள் நாணயம் முந்திக்கொண்டது. 1957 ஏப்ரல் 1 அன்று 16 அணா ரூபாய், 100 நயா பைசா ரூபாயாயிற்று. 1958 அக்டோபரில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் கிலோகிராம் வந்தது. அதே ஆண்டில் சென்னை மாநிலம் தன் அமலாக்கச் சட்டத்தை இயற்றியது. 1962 ஏப்ரல் முதல் நாடெங்கும் எடையில் மெட்ரிக் முறை மட்டுமே செல்லும் என்றானது. அமெரிக்கா இன்னும் கடக்காத தூரத்தை நாம் ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் கடந்தோம். மையத்தின் உறுதியான கை இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் மாற்றத்தின் சுமை யார் தலையில் ஏறியது? ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசா நாணயம் இல்லை. எனவே ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசு அட்டவணை வெளியிட்டது. அட்டவணை படிக்கத் தெரியாதவரிடம் அணாவுக்கு ஏழு பைசா வாங்கினால், நான்கு முறை வாங்கியவர் 25-க்குப் பதில் 28 கொடுத்திருப்பார். எடையிலும் அப்படியே. ஒரு பலம் 35 கிராம். ஒரு வீசை 1,400 கிராம். ஐந்து பலம் மிளகாய் கேட்டுப் பழகியவருக்கு 175 கிராம் சேர வேண்டும். 150 கிராமை நிறுத்துக் கொடுத்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அளவு சீர்திருத்தம் ஏழைக்காகவே என்றாலும், மாறும் வேளையில் முதலில் ஏமாறக் கூடியவரும் ஏழையே. சட்டம் மட்டும் போதாது. கடைக்கு வந்து பார்க்க ஓர் ஆய்வாளரும், கணக்குப் போடத் தெரிந்த வாடிக்கையாளரும் வேண்டும்.

மையம் எதுவரை?

கதை இத்துடன் முடியவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் வந்தது. கல்வியும் காடுகளும் அதன் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குச் சென்றது பலருக்குத் தெரியும். அவற்றோடு சேர்ந்து எடை, அளவுகளும் சென்றன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1985-இல் அமலாக்கத்துக்கும் மத்திய அரசே சட்டம் இயற்றியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009-இல் இயற்றி 2011-இல் அமலுக்கு வந்த சட்டமுறை அளவியல் சட்டம்.

இது சரியா, தவறா? மாநிலம் தாண்டிச் செல்லும் பொட்டலங்களுக்கு ஒரே விதி இருப்பது நல்லதே. பால்டிமோரின் குழாய்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் மீன்சந்தையில் தொங்கும் தராசின் கோணலை டெல்லியிலிருந்து பார்க்க முடியாது. சட்டம் எங்கே எழுதப்பட்டாலும், தமிழ்நாட்டில் கடைக்கு வந்து தராசைச் சோதித்து முத்திரை இடுபவர் மாநிலத் தொழிலாளர் துறையின் ஆய்வாளரே. ஆகவே தரத்தை ஓரிடத்தில் வைத்துக் காப்பதும், சோதனையை ஊருக்கு அருகில் வைப்பதுமான பழைய பிரிவினையே அறிவியலுக்கும் ஒத்தது என்பது என் கருத்து. ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தானே செய்கிறோம்? மூல அளவுகோல் அலமாரியில் பூட்டி இருக்கிறது. அதனோடு ஒப்பிட்ட அளவுகோல்கள் ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கின்றன. கையில் உள்ளவற்றை அவ்வப்போது அலமாரியில் உள்ளதோடு ஒப்பிடாவிட்டால் இரண்டாலும் பயனில்லை.

மூல அளவும் இப்போது அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது. 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பிரான்சில் உள்ள உலோகத் துண்டின் நிறை அன்று. பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு அதற்கு இலக்கணம் வகுத்துவிட்டார்கள். எந்த அரசும் திருத்தம் கொண்டுவந்து மாற்ற முடியாத எண் அது.

மாணவரின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை இதுதான்: "அந்த முத்திரையைப் பதித்த நாளில், அந்த ஊரில், இது சரியான படியாக இருந்திருக்கும். அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிருந்தால் தவறாகியிருக்கலாம்." அவர் படியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மறு வாரம் வந்து ஒரு செய்தி சொன்னார். பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அளந்து வாங்கற படி, கொடுக்கற படி வேற இருந்துச்சே, அதைக் காணோமே" என்றாராம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு படி இருக்கலாம். இருந்தால் இறக்குங்கள். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாயின் விட்டத்தையும் உயரத்தையும் அளந்து, நீர் ஊற்றிக் கொள்ளளவைக் காணுங்கள். பிறகு அரிசியைக் குவித்து ஒரு முறையும் தலை வழித்து ஒரு முறையும் அளந்து நிறுத்துப் பாருங்கள். அப்படியே அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அங்கே உள்ள மின்னணுத் தராசின் பக்கவாட்டில் முத்திரை எந்த ஆண்டுக்கு உரியது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.